பைக்குள் அசைந்த சங்கு

யாத்திரைக் கூட்டத்தோடு போகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, ஆட்கள் உங்களிடம் முதலில் கேட்கப்போவது சாப்பாட்டைப் பற்றி இல்லை, படுக்கிற இடத்தைப் பற்றியும் இல்லை. "ரயில் நல்லதோ, பிளேன் நல்லதோ?" என்றுதான் கேட்பார்கள். கடலிலேயே காலம் கழித்தவனும் கேட்பான், கந்தோரில் உத்தியோகம் பார்த்துக் கதிரை தேய்த்தவனும் கேட்பான்.

எனக்கு எழுத்துக் கொஞ்சம்தான் வரும். பள்ளிக்கூடம் என்னை அதிக நாள் வைத்திருக்கவில்லை. ஆனால் மன்னாரிலிருந்து வேளாங்கண்ணிக்கும், அங்கிருந்து கோவாவில் சவேரியார் கோயிலுக்கும் நான் கூட்டிக்கொண்டு போன ஆட்களில் ஒருவரைக்கூட வழியில் தொலைத்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஓய்ந்து வீட்டில் இருக்கிறவள் பெருமைப்படாமல் வேறு என்ன செய்வது.

கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் இந்தியா முகத்துக்கு நேரே கிடக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முதலில் அதற்கு முதுகைக் காட்ட வேண்டும். ரயிலில் கொழும்புப் பக்கம் போய், கட்டுநாயக்கவில் பிளேன் ஏறி, திரும்பவும் கடலைத் தாண்டித் திருச்சிக்குப் பறக்க வேண்டும். அங்கிருந்து வேளாங்கண்ணிக்கு வான் வண்டி பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு கோவாவுக்குப் போகிறவர்கள் இன்னொரு பிளேன் ஏறலாம், அல்லது இராப்பகலாக ரயிலில் இருக்கலாம். யாழ்ப்பாணம் வரை போய்க் காங்கேசன்துறையில் கப்பல் ஏறுகிற வழியும் இப்போது இருக்கிறது. கப்பல் நாகப்பட்டினத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து மாதா கோயில் பக்கம்தான். ஆனால் காற்றுக் காலத்தில் கப்பலை நம்ப முடியாது.

பிளேன் கெதி. முழங்கால் நோகிறவர்களுக்கு அது சுகம். ரயில் மெதுவாகத்தான் போகும், ஆனால் எழும்பி நடக்கலாம், சோற்றுப் பார்சலை அவிழ்க்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு கோபித்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போகலாம். இவ்வளவையும் டிக்கெற் போடுகிற தம்பியும் சொல்லிவிடுவான். அதற்கு நாங்கள் தேவையில்லை.

எனக்கு முதல் இந்த வேலையைச் செய்த மனுசி ஒருவர் இருந்தார். வாய் மிளகாய், மனம் அதைவிடக் காரம். நான் சேர்ந்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான்.

"எவ்வளவு கெதியாப் போகலாம் எண்டு பாக்கிறது போறவையின்ர வேலை. எங்க இறங்கலாம் எண்டு பாக்கிறது எங்கட வேலை."

"போற இடத்திலதானே அக்கா இறங்கிறது?" என்று கேட்டேன்.

"போய்ச் சேந்தால்" என்றார். வேறொன்றும் விளக்கவில்லை. அந்தச் சொல் எனக்கு விளங்குவதற்கு ரஞ்சன் என்ற ஒருவன் என் கூட்டத்தில் வர வேண்டியிருந்தது.

அதற்கு முதல் என் தங்கையின் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கடலட்டை எடுக்கிறவன். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கி, கடலின் அடியில் நடந்து பொறுக்குகிற வேலை. ஒருநாள் பொழுதுபடும் வரை மூழ்கிவிட்டு, அடுத்தநாள் விடியக் கூட்டாளிகளோடு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனான். வான் மலை ஏற ஏற, காலில் எறும்பு ஊருகிறது என்று சொல்லியிருக்கிறான். எல்லாரும் பகிடி பண்ணியிருக்கிறார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது அவனைத் தூக்கித்தான் இறக்கினார்கள். இன்றுவரை சக்கரக் கதிரையில்தான் இருக்கிறான்.

ஊரில் பல கதை சொன்னார்கள். குளிர் பிடித்தது என்றார்கள், கண்ணூறு என்றார்கள், அருவிக்கரையில் ஏதோ அடித்தது என்றும் சொன்னார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் மட்டும், "உடனே திருகோணமலைக்குக் கொண்டு போயிருக்கலாம், அங்கே கடற்படையிடம் இதற்கென்று ஒரு இரும்பு அறை இருக்கிறது" என்று சொன்னாராம். அதற்குள் நாட்கள் கடந்துவிட்டன. நான் அந்தப் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்தேன். கடலின் அடியில் இருந்தவன், நடுவில் வீட்டில் ஆறி இருக்காமல், ஒரேயடியாக மலையின் உச்சிக்குப் போயிருக்கிறான். அதில் என்ன பிழை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயம் மட்டும் தங்கிவிட்டது.

இனி ரஞ்சன். அரிப்பு என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்தவன், சங்கு குளிக்கிறவன். மனைவி செல்வி. ஒரே ஒரு பெண் பிள்ளை. சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்த கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்து, ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அப்போது செல்வி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். பிள்ளை பிழைத்தால் தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேரும் ஒன்றாக வந்து பிள்ளையின் முடியைக் கொடுப்போம் என்று. அதுவரை அந்தத் தலையில் கத்தரிக்கோல் படவில்லை. எங்கள் கூட்டம் புறப்பட்ட காலையில் சின்னவளின் முடி இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ரஞ்சனின் குடும்பத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. யாத்திரை போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது. புறப்படுவதற்கு முந்திய கடைசி மூழ்கலில் தன் கையால் எடுத்த சங்கு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். காசுக்கு வாங்கியது செல்லாது. போன கிழமை எடுத்ததும் செல்லாது. இது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களை அரிப்பிலேயே மறித்திருப்பேன்.

மன்னாரில் ரயில் ஏறும்போது அவன் நல்லாகத்தான் இருந்தான். எல்லாருடைய பெட்டிகளையும் தூக்கிக் கொடுத்தான். முருங்கனில் நின்றபோது இடது முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை மாமி. பெட்டி தூக்கினது."

பெட்டி தூக்கிய எல்லாருக்கும் கை நோகும். நான் போய்விட்டேன்.

மடு றோட் ஸ்டேசனைத் தாண்டினதும் கூட்டம் செபமாலை தொடங்கியது. நடுவில் பிலோமினா நிறுத்தினாள். பேசாலை ஊர்க்காரி, என்னைவிடக் கொஞ்சம் இளையவள், தலைமை தாங்குவதற்கென்றே பிறந்தவள்.

"ஆரப்பா இதுக்குள்ள மீன் கொண்டு வந்தது? நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போறமோ, சந்தைக்குப் போறமோ?"

"அது மீன் இல்லை. மாதாவின்ர சங்கு" என்றாள் சின்னவள், தன் கால்மாட்டில் இருந்த பையைக் காட்டி.

"மாதாவுக்கு மூக்கு இல்லையோ?" என்றாள் பிலோமினா. பெட்டியே சிரித்தது. ரஞ்சனும் சிரித்தான், ஆனால் முழங்கையைப் பிடித்தபடி.

அந்தப் பையை வாசல் பக்கம் தள்ளி வைக்கலாம் என்று நான் குனிந்து எடுத்தேன். உள்ளே ஈரச் சாக்கில் சுற்றிய பெரிய சங்கு. சாக்கை விலக்கினேன். சதை கொஞ்சம் வெளியே தெரிந்தது. விரலால் தொட்டேன். சங்கு தன் மூடியை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

பிள்ளைகளே, உயிரோடு ஒரு சங்கு என் கையில் இருந்தது. அது எப்போது கடலை விட்டு வந்தது என்று யோசித்தேன். அதை எடுத்தவனும் அதே நேரம்தான் வந்திருக்க வேண்டும்.

ரஞ்சனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"தம்பி, இது எப்ப எடுத்தது?"

"முந்தநாள் மாமி."

"முந்தநாள் எடுத்தது இப்பிடி மூடியை இழுக்குமோ? நான் வங்காலைக் கடற்கரையில பிறந்தவள். எனக்குச் சங்கு காட்டாதை."

அவன் செல்வியைப் பார்த்தான். செல்வி யன்னலைப் பார்த்தாள்.

"இண்டைக்கு விடிய ஒருக்கா இறங்கினனான். ஒரே ஒருக்காத்தான்."

"நேற்று?"

"நேற்று முழுநாளும் தொழில்தானே. கடலுக்கடியில சங்கு கிடக்கிற நல்ல பார் ஒண்டு கண்டனாங்கள். ஆழம்தான். யாத்திரைக்குப் போறன் எண்டால் வள்ளம் வச்சிருக்கிற சம்மாட்டி விடுவாரோ, நிண்டு முடிச்சிட்டுப் போ எண்டவர்."

"முழங்கை எப்ப இருந்து நோகுது?"

"பஸ்ஸில வரேக்க தொடங்கினது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பயப்படாதையுங்கோ மாமி. இது எங்களுக்கு வாறதுதான். காத்துப் பிடிக்கிறது. ஊரில எண்டால் திரும்ப ஒருக்கா சிலிண்டரோட கீழ போய்க் கொஞ்சம் இருந்திட்டு வந்தால் விட்டிடும்."

"பிளேனில போனால்?"

"பிளேன் என்ன கடலுக்குள்ளயோ போகுது? மேலால தானே."

"அந்த மேலதான் எனக்குப் பயம்" என்றேன்.

எனக்கு நுவரெலியா ஞாபகம் வந்தது. மலை உச்சிக்குப் போனதற்கே என் பெறாமகனின் கால் போய்விட்டது. பிளேன் எந்த மலையையும்விட உயரத்தில் போகிறது. கடலின் அடியில் இருந்து அதற்கு மேலே ஒருவன் ஏறினால் என்ன ஆகும்? யாரிடம் கேட்பது? எங்களை வேலைக்கு வைத்திருக்கிற டிக்கெற் கடைக்குப் போன் எடுத்தேன். டிக்கெற் போடுகிற தம்பி எடுத்தான்.

"தம்பி, விடிய சிலிண்டரோட மூழ்கின ஆளைப் பிளேனில ஏத்தலாமோ?"

"இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை மாமி. பொறுங்கோ, ஆரிட்டயும் விசாரிச்சுச் சொல்லுறன்."

செட்டிகுளம் தாண்டினால் காடு. போனில் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றும் இல்லை. அவன் விசாரித்தானோ, மறந்தானோ, எடுத்துப் பார்த்துக் கிடைக்காமல் விட்டானோ, எனக்குத் தெரிய வழியில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ரஞ்சனைப் பார்த்தபடி இருந்தேன். அவன் வயிற்றைச் சொறிந்தான். சட்டை விலகினபோது தோல் சிவப்பும் நீலமுமாகப் படர்ந்திருந்தது தெரிந்தது, பளிங்குக் கல்லில் ஓடுகிற கோடுகள் மாதிரி. செல்வி சட்டையை இழுத்து மூடினாள். அவளும் பார்த்துவிட்டாள் என்று அப்போது விளங்கியது.

மதவாச்சியில் ரயில் நின்று புறப்பட்ட பிறகு அவன் எழும்பிக் கழிப்பறைக்குப் போனான். போகும்போது இரண்டு பக்கமும் கதிரைகளைப் பிடித்துக்கொண்டு போனான். ரயில் ஆடுகிறதுதானே என்று என்னை நானே தேற்றினேன். திரும்பி வந்து இருந்தான். அவனுக்குப் பின்னால் சின்னவள் வந்தாள், கையில் ஒரு செருப்போடு.

"அப்பா, செருப்பு."

அவன் குனிந்து பார்த்தான். வலது காலில் செருப்பு இல்லை. நடுவழியில் அது கழன்று கிடந்திருக்கிறது, அவன் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறான். அவனுக்கு அது தெரியவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல அவன் தன் காலைப் பார்த்தான். சின்னவள் செருப்பை மாட்டிவிட்டாள். அது திரும்பவும் கழன்றது.

இப்போது பெட்டியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"கொழும்பில பெரியாஸ்பத்திரி இருக்கு. நேர அங்க போய்க் காட்டுவம்" என்றாள் பிலோமினா. "இரவிலதானே பிளேன். ஒரு ஊசியைப் போட்டால் சரி வந்திடும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நியாயமான பேச்சும்தான். கொழும்பு பெரிய இடம், நாங்கள் போகிற வழியிலேயே இருக்கிறது. ஆனால் கொழும்புக்கு இன்னும் பாதி நாள் ஓட வேண்டும். அங்கே போய்ச் சேருகிற நேரத்தில் அவன் எப்படி இருப்பான்? கொஞ்சம் தேறியிருந்தால், பிளேன் பக்கத்தில்தானே, ஒரு மணித்தியாலம்தானே என்று எல்லாரும் சேர்ந்து அவனை ஏற்றிவிடுவார்கள். நானும் அதற்கு உடன்பட்டுவிடுவேன் என்று எனக்கே என்மேல் பயமாக இருந்தது. ஏறினால் நடுவானில் என்ன நடந்தாலும் கதவைத் திறக்கச் சொல்ல முடியாது.

எனக்கு முதல் இந்த வேலையைச் செய்த மனுசி சொன்னது அப்போதுதான் எனக்கு முன்னால் வந்து நின்றது. எங்கே இறங்கலாம்?

அனுராதபுரம். அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கிருந்து திருகோணமலைக்கு றோட் இருக்கிறது. அதைத் தாண்டினால் ரயில் ஓடுகிற ஒவ்வொரு நிமிசமும் அந்த இரும்பு அறையை விட்டு எங்களைத் தூரமாகத்தான் கொண்டுபோகும்.

"ரஞ்சன், அனுராதபுரத்தில இறங்கிறம்."

"எனக்கு ஒண்டுமில்லை மாமி. கால் விறைச்சுப்போச்சு, அவ்வளவுதான்." கதிரையின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நான் இறங்கமாட்டன். நாலு வருசமா இதுக்காக இருந்தனாங்கள்."

செல்வி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிள்ளையின் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"மூண்டு பேரும் ஒண்டா வாறம் எண்டுதான் மாமி நேத்தி வச்சனான். இவர் வராட்டில் நேத்தி முறிஞ்சுபோகும். பிறகு பிள்ளைக்கு அந்த வலிப்புத் திரும்பி வந்தால் நான் ஆரிட்டப் போறது?"

நானும் மாதாவுக்குப் பயந்தவள்தான். தகப்பனின் கால் ஒரு பக்கம், பிள்ளையின் உயிர் ஒரு பக்கம் என்று அவள் தராசு பிடிக்கிறாள். தராசை நான் எப்படிப் பறிப்பது? வெளியே அனுராதபுரத்து வீடுகள் வரத் தொடங்கின.

"செல்வி, நேத்தி வைக்கேக்க பிளேனில வாறன் எண்டோ சொன்னனீ?"

"இல்லை."

"எந்த நாளில எண்டு சொன்னனீயோ?"

"இல்லை மாமி. வாறம் எண்டு மட்டும்தான்."

"அப்ப இவருக்குச் சுகம் வந்தாப் பிறகு வாங்கோவன். மூண்டு பேரும் ஒண்டாத்தான் போவியள், நானே கூட்டிக்கொண்டு போறன். எதில வாறாய் எண்டு மாதா கேக்கேல்லையே."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பினாளோ இல்லையோ தெரியாது. ரயில் நின்றது. கையில் சுற்றியிருந்த முடியை விட்டுவிட்டு எழும்பினாள்.

ரஞ்சன் எழும்பவில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"உங்கட பாஸ்போட் மூண்டும் என்ர பைக்குள்ள. பை என்னோட இறங்குது. நீ தனியக் கொழும்புக்குப் போய் என்னத்தைக் காட்டிப் பிளேன் ஏறப்போறாய்?"

"இது அநியாயம் மாமி."

"ஓம். இறங்கிப் போட்டு ஏசு."

எழும்ப முயன்றபோதுதான் வலது கால் அவனைத் தாங்கவில்லை என்று அவனுக்கே தெரிந்தது. முகம் வெளிறிப் போனது. பக்கத்துப் பெட்டியில் லீவில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஆமிக்காரர், சிவில் உடுப்பில் இருந்தவர், சத்தம் கேட்டு வந்தார். ரஞ்சனைத் தோளில் சாய்த்து இறக்கினார். அவர் தலைமுடி வெட்டைப் பார்த்து ஆள் யார் என்று விளங்கியதும் செல்வி ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு அவளே மற்றப் பக்கத்துத் தோளைக் கொடுத்தாள்.

இப்போது என் சங்கடம். கூட்டத்தில் மற்ற எல்லாருடைய பாஸ்போட்டும் டிக்கெற்றும் அதே பையில்தான். இந்த வேலையில் முதல் சட்டம், பையைக் கை மாற்றாதே. நித்திரையிலும் மாற்றாதே. அதை எனக்குச் சொல்லித் தந்த அந்த மனுசி கேட்டால் கன்னத்தில் போட்டிருப்பார். ஆனால் நான் பையோடு இறங்கினால் கூட்டம் முழுவதும் நடுத்தெருவில் நிற்கும். பையோடு ரயிலில் இருந்தால் இவர்கள் மூன்று பேரும் பாஷை தெரியாத ஊரில் தனியே நிற்பார்கள்.

ஆளைத் தேடினேன். பணிவானவர்கள் இருந்தார்கள், அன்பானவர்கள் இருந்தார்கள். நான் பிலோமினாவின் மடியில் பையை வைத்தேன். ரஞ்சனின் வீட்டாருடைய பாஸ்போட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"எனக்கேன் தாறியள்? நான் எல்லாரோடயும் சண்டை பிடிக்கிறவள்" என்றாள்.

"அதாலதான். உன்னட்ட இருந்து ஆரும் இதைப் பறிக்கேலாது."

அவள் பையின் வாரைக் கையில் இரண்டு தரம் சுற்றிக்கொண்டாள். "போங்கோ அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

ரயில் போன பிறகு அந்த மேடையில் கிடந்த நீள மரவாங்கு ஒன்றில் நாங்கள் நாலு பேர். ரஞ்சன் படுத்திருந்தான். சின்னவள் தகப்பனின் பாதத்தைக் கிச்சுக்கிச்சு மூட்டினாள், எப்போதும் விளையாடுகிறது போல. அவன் சிரிக்கவில்லை. தொடுவது அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளை இன்னும் பலமாகச் சொறிந்தது. செல்வி அதன் கையைப் பிடித்து இழுத்தாள். நான் இறக்கியது பிழையோ, இறக்கினபடியால்தான் கால் போகிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்போது போன் அடித்தது.

"மாமி, எவ்வளவு நேரமா எடுக்கிறன். அவரை ஏத்தாதையுங்கோ. மன்னார் ஆஸ்பத்திரி டொக்டரிட்டக் கேட்டனான், மூழ்கின ஆள் உடனே பறக்கவே கூடாதாம், உயிருக்கே மோசமாம். கேக்குதோ மாமி? ரயிலிலயோ நிக்கிறியள்?"

"இல்லை தம்பி. இறங்கிட்டன்" என்றேன். போனை வைத்துவிட்டு வெளியே ஓடி ஒரு ஓட்டோ பிடித்தேன்.

அனுராதபுரம் ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் ஒரு இளம் பிள்ளை. என் உடைந்த சிங்களத்தில் கடல், சிலிண்டர், விடிய என்று மூன்று சொல்லைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே சங்கைத் தூக்கிக் காட்டினேன். அவர் சங்கைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஓடிப்போய் ஒக்சிசன் மூடியை அவன் முகத்தில் வைத்தார். பிறகு அவர் போனில் கதைத்தது எனக்கு விளங்கவில்லை, திருகோணமலை என்ற சொல்லைத் தவிர. எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

அம்புலன்ஸில் போகிற வழி முழுக்கச் செல்வி வாய்க்குள் செபம் சொன்னாள். நான் ரஞ்சனின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருதரம் அது நின்றுவிட்டது போல இருந்தது. றோட்டுக் குண்டும் குழியும் என் கண்ணை ஏமாற்றியிருக்கின்றன. அந்தப் பயத்தை நான் வேறு எதிலும் அறிந்ததில்லை, சண்டைக் காலத்திலும் அறிந்ததில்லை. அப்போது மற்றவர்கள் முடிவெடுத்தார்கள், நாங்கள் ஓடினோம். இது நான் எடுத்த முடிவு.

அந்த இரும்பு அறை பெரிய குழாய் போல இருந்தது. வட்டமான சின்னக் கண்ணாடி யன்னல் ஒன்று. உள்ளே அவனைப் படுக்க வைத்துக் கதவைப் பூட்டினார்கள். தண்ணீர் இல்லாமலே அவனைத் திரும்பவும் ஆழத்துக்கு இறக்கி, மெல்ல மெல்ல மேலே கொண்டுவரப்போகிறோம் என்று தமிழ் தெரிந்த ஒருவர் சொன்னார். ஆழத்தில் இரத்தத்தில் சேருகிற காற்று, ஆள் மேலே போகப் போக, சோடாப் போத்தலைத் திறந்தது மாதிரிக் குமிழியாகி நரம்பைக் கெடுக்குமாம். ஊரில் அவர்கள் திரும்பக் கீழே போய்விட்டு வருகிறது என்று சொல்வதையேதான், கணக்கோடு செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. செல்வி பிள்ளையைத் தூக்கி யன்னலில் காட்டினாள்.

"அப்பா கடலுக்குள்ளயோ?" என்று கேட்டது பிள்ளை.

"ஓம்" என்றாள் செல்வி. "வந்திடுவார்."

அவன் ஒரே நாளில் வரவில்லை. பல தரம் அந்த அறைக்குள் போய் வந்தான். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ வெளியே வந்தபோது, பிள்ளை பாதத்தைத் தொட, பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. சங்கின் மூடி அசைந்த அளவுதான் இருக்கும். செல்வி அப்போதுதான் அழுதாள்.

கூட்டம் வேளாங்கண்ணிக்கும் கோவாவுக்கும் போய்ச் சுகமாகத் திரும்பியது. பிலோமினா குளிக்கப் போகும்போதும் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனதாக எல்லாரும் முறையிட்டார்கள். பாஸ்போட் கேட்டவர்களிடம் ஏன் எதற்கு என்று குறுக்கு விசாரணை வேறு. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, பையைக் கை மாற்றியதற்கு ஏசினார். ஏச்சை வாங்கிக்கொண்டேன். சட்டம் சட்டம்தான். அடுத்த தரமும் மாற்றுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழும்பினேன்.

காற்று அடங்கிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ரஞ்சனை இப்போதைக்குப் பறக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மதவாச்சிக்குப் போய், யாழ்ப்பாண ரயிலுக்கு மாறி, காங்கேசன்துறையில் கப்பல் ஏறினோம். கடல் மட்டத்திலேயே போகிற வழி. சங்கும் வந்தது, கழுவிக் காய வைத்து, வெள்ளை வெளேர் என்று. கப்பலின் கம்பியைப் பிடித்தபடி ரஞ்சன் நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவனுக்குத் தெரியாமல்.

"இனி இதுக்குள்ள இறங்கேலாது என்ன மாமி?"

"இறங்கேலாது."

"அண்டைக்குப் பிளேனில ஏறியிருந்தால்?"

சட்டையின் நுனியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

வேளாங்கண்ணியில் முடி இறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, சின்னவள் முன்னால் ஓடினாள். பின்னால் தாயும் தகப்பனும், மூன்று பேரும் ஒன்றாக. கோயிலுக்குப் போகிற மணல் பாதையில் நான் கடைசியாக நடந்தேன். ரஞ்சனின் வலது கால் இன்னும் முழுதாகத் தூக்க வராது. மணலில் இடது பாதம் ஒரு அடையாளம், அதற்குப் பக்கத்தில் வலது பாதம் இழுபட்ட ஒரு கோடு. திரும்பவும் ஒரு அடையாளம், ஒரு கோடு. எல்லாரும் நன்றிச் செபம் சொன்னார்கள். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அனுராதபுரத்தில் நாங்கள் இறங்காமல் போயிருந்தால் அந்தக் கோடும் இருந்திருக்காது.

ஆகவே பிள்ளைகளே, ரயிலோ பிளேனோ என்று ஒருவர் கேட்டால் உடனே பதில் சொல்லாதையுங்கோ. முதலில் நீங்கள் கேளுங்கோ, "நேற்று எங்க நிண்டனீங்கள்?" என்று. சிரிப்பார்கள். ஊர்வம்பு, விடுப்புக் கேட்கிறாள் என்று முறைப்பார்கள். பதில் வரும்வரை டிக்கெற் போட விடாதையுங்கோ.